பதினான்காம் அத்தியாயம் என் பையில் இல்லை

என் பாத்திமா லாத்தாவுக்கு,

“முடிவ மொதல்லயே சொல்லிட்டா என்ன கொறஞ்சிரும் டீச்சர்?”

நீங்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். தாராவியில் உங்கள் பை தைக்கும் பட்டறைக்கு மேலே, இரும்பு ஏணியில் ஏறிப் போகும் மாடி அறையில், நம் சனிக்கிழமை வகுப்பு தொடங்கிய அன்றைக்கே கேட்டீர்கள். வேலைக்காலம் முழுக்கச் செம்பூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். பதில் கையில் தயாராக இருந்தது. “சொல்லிட்டா நீங்க படிக்க மாட்டீங்க லாத்தா” என்றேன். உங்கள் ஊர் ஆட்கள் அக்காவை லாத்தா என்பார்கள் என்று உங்கள் மகள் நசீமா சொல்லியிருந்தாள்.

“படிக்க மாட்டேன்னு நீங்களே தீர்மானம் பண்ணிட்டியளாக்கும்” என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து, கேள்வியை அப்படியே கடந்து போய்விட்டேன். அதன் பிறகும் எத்தனை முறை கடந்து போனேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் போய் ஏழு வாரம் ஆகிறது. இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். உங்களிடம் தனியாகச் சொன்னால், “போகட்டும், டீ குடிங்க” என்று சொல்லி முடித்துவிடுவீர்கள். அவ்வளவு சுலபமாக நான் தப்பிக்கக் கூடாது.

பக்கத்தில் நின்று கேட்பவர்களுக்காக நம் வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க நான் பாடப்புத்தகம் வைத்துக்கொள்வதில்லை. ஒரே ஒரு நாவல்தான். மாட்டுங்காவில் நடைபாதைப் பழைய புத்தகக் கடை ஒன்றில் வாங்கியது. அட்டை கிடையாது. எழுதியவர் பெயர் கிடையாது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் கதையின் பெயர் மட்டும் சின்ன எழுத்தில் இருக்கும். குளிர்நாட்டுத் துறைமுகம் ஒன்றில் துணி வெளுத்து இஸ்திரி போடும் கடை வைத்திருக்கும் ரூத் என்ற பெண்ணின் கதை. கப்பலில் போன கணவன் தாமஸ் திரும்பவில்லை. செத்துவிட்டான் என்கிறார்கள் சிலர். வேறு துறைமுகத்தில் பார்த்தோம் என்கிறார்கள் சிலர். அவன் வருவானா, மாட்டானா? பதினான்கு அத்தியாயமும் இதுதான்.

முழுப் புத்தகத்தைக் கொடுத்தால் அதன் பருமனே ஆளை விரட்டிவிடும். அதனால் பிளேடால் அத்தியாயம் அத்தியாயமாக அறுத்து, ஜெராக்ஸ் எடுத்து, பின் அடித்து, வாரத்துக்கு ஒன்றாகக் கொடுப்பேன். பத்துப் பன்னிரண்டு பக்கம். லோக்கல் ரயிலில் நின்றுகொண்டே படித்துவிடலாம். அடுத்த அத்தியாயம் வேண்டுமானால் அதற்கு ஒரு விதி உண்டு. இனி என்ன நடக்கும் என்று ஐந்து வரி ஆங்கிலத்தில், சொந்தக் கையால் எழுதிக் காட்ட வேண்டும். ஐந்தாவது வரி ‘பிகாஸ்’ என்று தொடங்க வேண்டும். எழுதாதவருக்கு அத்தியாயம் கிடையாது. எவ்வளவு கெஞ்சினாலும் கிடையாது.

அந்த விதி வேலை செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். ‘ரெலக்டன்ட்’ என்ற சொல்லை அகராதி பார்த்து நூறு முறை எழுதினாலும் மறந்துபோகும். மூன்றாம் அத்தியாயத்தில் ரூத் கடைவாடகையை அப்படித்தான், மனமே இல்லாமல் கொடுக்கிறாள். பெல்ட் பட்டறை முருகன் உடனே, “டீச்சர், வாடகை குடுக்கும்போது எம்மூஞ்சி ஒரு மாதிரி ஆகுமே, அதான இது?” என்றான். பிறகு யாரும் அந்தச் சொல்லை மறக்கவில்லை. செம்பூரில் ஒரு மாலில் துப்புரவு வேலையை மேற்பார்க்கும் செல்வி, எட்டாம் அத்தியாயம் முடிந்த வாரம், தன் மேனேஜருக்கு ஆங்கிலத்தில் ஒரு புகார்க் கடிதம் எழுதினாள். ஐந்தே வரி. கடைசி வரி ‘பிகாஸ்’ என்று தொடங்கியது. கையுறைகள் வந்து சேர்ந்தன.

நீங்கள் ஏன் சேர்ந்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். ஆர்டர் கொடுக்கும் கம்பெனியின் மெசேஜைப் படிக்கவா என்றேன். “அதுக்கு நசீமா இருக்கா. இந்த இங்கிலீஷ்காரன் புஸ்தகத்துல அப்படி என்னத்ததான் எழுதி வச்சிருக்கான்னு பாக்கணும்” என்றீர்கள். எனக்குக் கிடைத்த மாணவர்களில் கதைக்காகவே வந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

உங்கள் நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. முதல் வாரம், ‘அவன் வருவான்’ என்று ஒரே வரி. மீதி நான்கு வரிக்கு இடம் விட்டிருந்தீர்கள். “மிச்சம் எங்கே?” என்று கேட்டேன். “அவன் வந்த பெறவு எழுதுதேன்” என்றீர்கள். நான் இரண்டாம் அத்தியாயத்தைத் தரவில்லை. ஒரு வாரம் முறைத்துக்கொண்டே இருந்தீர்கள். அடுத்த சனிக்கிழமை ஏழு வரி இருந்தது.

முருகன் உங்களைச் சீண்டாத நாள் உண்டா? “லாத்தா, ரூத்து மாப்பிள்ளை வந்துட்டாம்னா பிரியாணி உங்க செலவு, ஆமா.”

“வரட்டும்ல. வந்து மொதல்ல இஸ்திரி போடட்டும். நீ ஒன் அஞ்சு வரியக் காட்டு.”

“எழுதிட்டு வந்தேன் லாத்தா. ட்ரெயின்ல விட்டுட்டேன்.”

“போன வாரமும் ட்ரெயின்ல. ஒனக்கு ரயில்வேக்காரன் தனியா பீரோ வச்சிருக்கானா?”

ஒன்பதாம் அத்தியாயத்தில்தான் நான் அந்தத் தவறைச் செய்தேன். உங்கள் கணவர் சவூதிக்குப் போனவர், ஒரு கட்டத்தில் கடிதம் நின்றுபோனது என்று எனக்குத் தெரியும். அவ்வளவுதான் தெரியும். அதை வைத்துக்கொண்டு வகுப்பில் எல்லோர் முன்னாலும், மிகவும் கனிவான குரலில், “ரூத்தோட வலி என்னன்னு லாத்தாவுக்குத் தெரியும்” என்றேன்.

நீங்கள் நிமிர்ந்து பார்த்தீர்கள். “எந்த வலி டீச்சர்? எனக்கு முட்டிவலிதான்.”

நீங்கள் மறைக்கிறீர்கள் என்று நினைத்தேன். அந்த வாரம் உங்கள் நோட்டில் இப்படி ஒரு வரி இருந்தது: ‘ரூத் காத்திருக்கவில்லை. அவள் வேறெங்கும் போகவில்லை, அவ்வளவுதான்.’ அதன் ஓரத்தில் நான் சிவப்பு மையில் ‘இன்னும் விளக்குக’ என்று எழுதியிருக்கிறேன். படிக்கச் சொல்லிக்கொடுப்பவள் நான். எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

இனி, நீங்கள் உயிரோடு இருந்தபோது சொல்லியிருக்க வேண்டியது.

பதினான்காம் அத்தியாயம் என்னிடம் இல்லை லாத்தா. எப்போதும் இருந்ததில்லை. நான் வாங்கிய புத்தகத்தில் கடைசிப் பக்கங்களை யாரோ கிழித்துவிட்டிருந்தார்கள். பதின்மூன்றாம் அத்தியாயத்தின் முடிவில் கடைக் கதவு தட்டப்படுகிறது, ரூத் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்கிறாள். அத்தோடு என் புத்தகம் முடிந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் கவனித்தேன். அப்போது எரிச்சலாக இருந்தது. பிறகு அதையே ஒரு முறையாக ஆக்கிக்கொண்டேன். கடைசி வகுப்பில், “முடிவை எழுதப் போவது நீங்கள்தான்” என்று சொல்வேன். எல்லோரும் முதலில் திட்டுவார்கள். பிறகு எழுதுவார்கள். நன்றாகவும் எழுதுவார்கள்.

ஆசிரியர்கள் கூட்டம் ஒன்றில் அதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். ‘முடிவைக் கொடுக்காமல் கற்பித்தல்’ என்று தலைப்பு வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசினேன். கைதட்டினார்கள். கிழிந்த புத்தகம் என்பதை அங்கே சொல்லவில்லை. எங்கேயும் சொல்லவில்லை. வேறு பிரதி கிடைக்குமா என்று ஒருநாளும் தேடவும் இல்லை. கிடைத்துவிட்டால் என் முறை என்ன ஆவது?

பன்னிரண்டாம் அத்தியாயத்தின்போது உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பதின்மூன்றை நானே கொண்டுவந்து கொடுத்தேன். மூன்று நாளில் படித்துவிட்டீர்கள். அடுத்த முறை வந்தபோது வலது கையில் ஊசி ஏற்றியிருந்தார்கள். முகம் வீங்கியிருந்தது. நலமா என்று நான் கேட்பதற்குள் நீங்கள் கேட்டீர்கள்:

“கதவத் தட்டுனது யாரு டீச்சர்?”

“அஞ்சு வரி எழுதுங்க. சொல்றேன்.”

“கையப் பாக்கியள்லா? வாயால சொல்லுதேன், நீங்க எழுதிக்கிடுங்க.”

“சொந்தக் கை லாத்தா. விதி விதிதான்.”

“முடிவு இருக்கா, அதையாவது சொல்லுங்க.”

நான் தோளில் தொங்கிய பையைத் தட்டிக் காட்டினேன். “இங்கேதான் இருக்கு. கை சரியாகட்டும்.”

பையில் குடை இருந்தது. தண்ணீர் பாட்டில், மூக்குக் கண்ணாடிப் பெட்டி, உங்களுக்கு வாங்கிவந்து கொடுக்க மறந்த இரண்டு சாத்துக்குடி, சிவப்புப் பேனா. அவ்வளவுதான்.

வெளியே வந்து எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். முடிவுக்காகவாவது லாத்தா பிழைத்துக்கிடப்பார், ஆசைதானே ஆளை நிறுத்தி வைக்கும் என்று. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்த உங்களை நான் வகுப்பில் உட்காரவைத்திருந்தேன் என்பதுதான் நடந்தது. அங்கேயே உட்கார்ந்து ஒரு முடிவைக் கற்பனையாகவாவது சொல்லியிருக்கலாம். புத்தகம் கிழிந்தது என்று சொல்லியிருக்கலாம். நீங்கள் சிரித்திருப்பீர்கள். வார்டு முழுக்கக் கேட்கும்படி சிரித்து, முருகனுக்குப் போன் போட்டுச் சொல்லியிருப்பீர்கள். அந்தச் சிரிப்புக்குத்தான் நான் பயந்தேன்.

நான்காம் நாள் மத்தியானம் நசீமா போன் செய்தாள். திரையில் அவள் பெயர் தெரிந்தது. எதற்கு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஐந்து வரி எழுதியாயிற்று, அத்தியாயத்தைக் கேட்கிறார்கள். மூன்று முறை அடித்தது. நான் சாப்பாட்டு மேசையில் போனுக்கு எதிரே உட்கார்ந்து அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை மறுபடி அடித்தது. அதை எடுத்தேன். நீங்கள் மௌத்தாகிவிட்டீர்கள் என்றாள்.

மூன்றாம் நாள் ஓதி முடித்து எல்லோரும் கலைந்த பிறகு, நசீமாவோடு பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். தையல் மெஷின்களைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. ஒருவர் வந்து குனிந்து பார்த்தார். வெள்ளைச் சட்டை, மருதாணி போட்ட தாடி, கையில் பேரீச்சம்பழப் பெட்டி.

“நசீமாவா?”

“யாரு?”

“வாப்பா வந்திருக்கேம்மா.”

நசீமா எழுந்து போய் ஷட்டர் கொக்கியை எடுத்தாள். “கடை மூடியாச்சு. திங்கக்கிழமை வாங்க.”

அவளுக்குக் காதில் விழவில்லை என்று அவர் நினைத்தார். “ஒன் வாப்பா.”

“கேட்டுச்சு. திங்கக்கிழமை வாங்க.”

ஷட்டர் முழுக்க இறங்கியது. வெளியே யாரோ கைவண்டிக்கு வழி விடச் சொல்லி அவரைத் திட்டுவது கேட்டது.

“நசீமா, அவர் சவூதியில...” என்று ஆரம்பித்தேன்.

“சோடோ, விடுங்க டீச்சர். சவூதிலேர்ந்து வந்து பதினெட்டு வருஷம் ஆச்சு. மான்குர்த்ல இருக்காவொ. வேற வீடு, வேற புள்ளைய. இங்கேர்ந்து ஆட்டோல போனா அரை மணி நேரம்.”

“உம்மாவுக்கு...”

“உம்மாக்குத் தெரியாமயா? அந்த வீட்டுப் புள்ளைக்கு ஸ்கூல் பையே நம்ம பட்டறையில தச்சதுதான். யாரோ வாங்கிக் குடுத்திருக்காவொ. உம்மா பாத்துட்டு, தையல் பிரியாம இருக்குன்னு சந்தோசப்பட்டாவொ.”

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. முருகனுக்கும் செல்விக்கும்கூட. உங்கள் கண்ணில் காத்திருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அந்த மாடியில் நான் ஒருத்திதான்.

பிறகு நசீமா மெஷினின் இழுப்பறையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தாள். “இடது கையால எழுதுனாவொ டீச்சர். ரெண்டு நாளு. நான்தான் நோட்டப் பிடிச்சுக்கிட்டேன். தண்ணி குடிங்கன்னா, இரு, பிகாஸ எழுதிக்கிடுதேன்னாவொ. முடிச்சிட்டு, டீச்சருக்குப் போன் போடுன்னாவொ. நீங்க எடுக்கல.”

“சைலன்ட்ல இருந்துது” என்றேன்.

இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். அன்றைக்கும் பொய் சொன்னேன்.

உங்கள் ஐந்து வரியையும் இங்கே தமிழில் தருகிறேன்.

தாமஸ் வருவான்.

ரூத் கதவைத் திறந்து பார்ப்பாள்.

கடை மூடியாயிற்று, திங்கட்கிழமை வாருங்கள் என்பாள்.

அவன் வெளியே மழையில் நிற்பான்.

பிகாஸ், காத்திருக்க அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கீழே இன்னொரு வரியும் இருந்தது: ‘டீச்சர், ஐந்து வரி முடிந்தது. இப்போது பதினான்கு, பிளீஸ்.’

எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தன. இரண்டு இடத்தில் பேனா தாளைக் கிழித்திருந்தது. என் கை தானாகப் பைக்குள் போய்ச் சிவப்புப் பேனாவைத் தேடியது. எத்தனையோ வருஷப் பழக்கம். நசீமா அதைப் பார்த்தாள். அடுத்த மெஷின் மேல் கிடந்த துணியைச் சரி செய்தாள்.

போன மாதம் மாட்டுங்காவுக்குப் போனேன். அதே நடைபாதை. கதையின் பெயரைச் சொல்லிக் கேட்டதும் கடைக்காரர் யோசித்தார். உள்ளே ஒரு அடுக்கைக் கலைத்து, இன்னொன்றைக் கலைத்து, மூன்றாவது அடுக்கிலிருந்து எடுத்துத் தூசி தட்டி நீட்டினார். அட்டையோடு, கடைசிப் பக்கம்வரை முழுசாக இருந்தது. போய்வர ஒரு மத்தியானம் ஆயிற்று. நீங்கள் ஆஸ்பத்திரியில் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தீர்கள் லாத்தா.

முடிவைச் சொல்கிறேன். ஏழு வாரம் தாமதமாக, விதி எதுவும் இல்லாமல்.

தட்டியது தாமஸ்தான். ரூத் கதவைத் திறக்கிறாள். அழுகிறாள். அவன் உள்ளே வந்து அடுப்புக்கு எதிரே இருக்கும் நாற்காலியில் உட்காருகிறான். எங்கே இருந்தாய் என்று அவள் கேட்கவே இல்லை. மண்டியிட்டு அவன் ஷூக்களைக் கழற்றிவிடுகிறாள். மழை நிற்கிறது. அவ்வளவுதான். மொத்தம் ஒன்பது பக்கம். இதற்காகத்தான் இடது கையால் இரண்டு நாள் எழுதினீர்கள்.

நேற்று, சனிக்கிழமை வகுப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். கிழிந்த புத்தகம், பையைத் தட்டியது, எடுக்காத போன், எதையும் விடவில்லை. பிறகு அந்த ஒன்பது பக்கத்தையும் படித்தேன். அதன் பிறகு உங்கள் ஐந்து வரியைப் படித்தேன்.

முருகன்தான் முதலில் வாயைத் திறந்தான். “டீச்சர், அந்த ஒம்பது பக்கத்தப் பழையபடி கிழிச்சிருங்க.”

சிரிப்பு வரவில்லை. அவனும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

செல்வி தன் பதின்மூன்று அத்தியாயத்தையும் அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு, என் முன்னால் வைத்தாள். “எனக்குக் கதை கிதையெல்லாம் போகட்டும் டீச்சர். நீங்க போன எடுத்திருக்கலாம்.” ஏணியில் இறங்கிப் போய்விட்டாள். இனி வருவாளா என்று தெரியவில்லை.

அப்போதுதான் கவனித்தேன். கீழே ஓடிக்கொண்டிருந்த மெஷின் எப்போதோ நின்றுபோயிருந்தது. மாடிக்கும் பட்டறைக்கும் நடுவில் பலகை மட்டும்தானே. நான் இறங்கியபோது நசீமா ஏணியடியில் நின்றுகொண்டிருந்தாள்.

“அப்போ உம்மா ரெண்டு நாளு எதுக்கு எழுதுனாவொ?”

எதற்கு எழுதினீர்கள் லாத்தா? என்னிடம் ஐந்து வரியும் இல்லை, பிகாஸும் இல்லை. பையிலிருந்து ஒன்பது பக்கத்தின் ஜெராக்ஸை எடுத்து நீட்டினேன். அவள் கை நீட்டவில்லை. மூலையில் சாத்தியிருந்த கொக்கியை எடுத்தாள்.

“கடை மூடுற நேரம் டீச்சர். திங்கக்கிழமை வாங்க.”

நான் குனிந்து வெளியே வந்தேன். எனக்குப் பின்னால் ஷட்டர் இறங்கியது. உங்கள் கதையில் வெளியே நிற்பவன் தாமஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் இன்னும் ஒரு ஆளுக்கு இடம் விட்டிருக்கிறீர்கள்.

அவளுடைய வாப்பா, அவள் வரச் சொன்ன திங்கட்கிழமை வரவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் வரவில்லை. முருகன் விசாரித்தான். பேரீச்சம்பழத்தைப் பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டுப் போனதோடு சரி.

இன்று ஞாயிறு. நாளைக் காலை நான் போவேன் லாத்தா. இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. ஷட்டர் திறந்திருந்தால் நசீமாவின் முன்னால் உட்கார்ந்து, போன் சைலன்டில் இல்லை என்பதிலிருந்து தொடங்குவேன். திறக்காவிட்டால் அதற்கு அடுத்த திங்கட்கிழமை போவேன். அதற்கும் அடுத்தது. எனக்கும் இதுவரை யாரும் காத்திருக்கச் சொல்லிக்கொடுத்ததில்லை. கற்றுக்கொள்கிறேன். இனி எந்த வகுப்பிலும், முடிவைக் கேட்டவருக்குக் கேட்ட அன்றே கொடுப்பேன். ஒன்பது பக்கத்தையும் கொடுப்பேன், கூடவே உங்கள் ஐந்து வரியையும்.

பக்கத்தில் நின்று இதையெல்லாம் கேட்டவர்களுக்கு ஒரே ஒரு வேலை. நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் நாவலை இன்று ஏதாவது ஓர் அத்தியாயத்தின் முடிவில் நிறுத்துங்கள். அடுத்து என்ன நடக்கும் என்று ஐந்து வரி எழுதுங்கள், ஐந்தாவதில் காரணத்தைச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் பேனாவை வைத்துவிட்டு உடனே பக்கத்தைப் புரட்டுங்கள்.

வகுப்புக்கு வெளியே பார்க்கும்போதெல்லாம் “டீச்சர் மேலதான், கீழ எறங்கிட்டா தங்கச்சி” என்பீர்கள். கீழே இறங்கிவிட்டேன்.

உங்கள் தங்கச்சி,
கோமதி
செம்பூர்